ஏழாவது பை

பர்ரெய்ரா, 3 ஜூன் 1997

அன்புள்ள தம்பி எவிலாசியோவுக்கு,

அக்கா தோர்வலினா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் பல்லைத் தவிர. மேல் வரிசையில் மிச்சமிருக்கும் நான்கில் இரண்டு ஆடுகின்றன. உன் அத்தான் ஒசேயாசும் சுகம். வேலை கண்ணில் படாதவரை அவர் என்றைக்கும் சுகம்தான். மனாவுசில் நீ எப்படி இருக்கிறாய்? ஒழுங்காகச் சமைக்கிறாயா, முட்டையிலேயே காலம் ஓடுகிறதா?

உன் கடிதத்தைக் கொடுத்த கேப்டன் எர்க்குலானோ, படகில் இருந்தபடியே, "தம்பி என்ன கேட்டு எழுதியிருக்கான்? மாவா, மீனா?" என்றார். மண் என்றேன். படகு முழுக்கச் சிரித்தது. பட்டணம் போனவர்கள் ஊரிலிருந்து மரவள்ளி மாவு கேட்பார்கள், உப்பிட்ட மீன் கேட்பார்கள். மண் கேட்ட முதல் ஆள் நீதான்.

சொன்னபடியே செய்தேன். செடியைப் பிடுங்கி, உதறி, உதிர்ந்ததை விட்டுவிட்டு, வேரோடு ஒட்டியிருந்ததை மட்டும் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். என் பல் தேய்க்கும் பிரஷ்தான். பல்லே போகிற காலத்தில் அது எதற்கு? பக்கத்து வீட்டு ஜெசுவினா வேலிக்கு மேல் தலையை நீட்டி, "வேருக்குப் பல்லு வெளக்கி விடுறியா தோர்வா?" என்றாள். மாலைக்குள் எனக்குப் புத்தி கலங்கிவிட்டதாகக் கரை முழுக்கச் செய்தி.

ஆறு பைகள் நீ சொன்ன இடங்களிலிருந்து எடுத்தவை. ஏழாவதுதான் சரிப்படவில்லை. குப்புவாசு மரத்துக்குப் பின்னால், மேட்டின் ஓரத்தில், ஒன்றும் நடாமல் கிடக்கும் மூலையிலிருந்து கேட்டிருந்தாய். அங்கே குளவி கூடு கட்டியிருக்கிறது. அதனால் பக்கத்திலேயே எடுத்திருக்கிறேன். கறுப்பு மண் எங்கே எடுத்தாலும் கறுப்பு மண்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
தோர்வலினா


மனாவுஸ், 19 ஜூன் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

எவிலாசியோவின் வணக்கம். நான் நலம். முட்டைதான். அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

ஆறு பைகளும் அருமை. எங்கள் மண் ஆய்வுக்கூடத் தலைவரே பாராட்டினார். ஏழாவது பையில் இரண்டு கோழி இறகுகள், சோள உமி, ஒரு சட்டைப் பொத்தான். பொத்தான் அத்தானுடையது என்றால் திருப்பி அனுப்புகிறேன்.

அந்த மூலை ஏன் வேண்டுமென்று சொல்கிறேன். நம் மேட்டில் ஒரு காலத்தில் வாழ்ந்த மக்கள் கரியையும் மீன் முள்ளையும் உடைந்த பானையையும் சேர்த்துச் சேர்த்துத்தான் அந்தக் கறுப்பு மண் உண்டானது. ஒவ்வொரு கரித்துண்டிலும் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் உண்டு. அவற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. வேர் அவற்றுக்குச் சர்க்கரை கசியவிடும். அவை மண்ணில் சிக்கிக் கிடக்கும் சத்தை அவிழ்த்து வேருக்குக் கொடுக்கும். வேரை ஒட்டிய மண்ணில் இருக்கும் கூட்டம் வேறு, ஒரு சாண் தள்ளியிருக்கும் கூட்டம் வேறு. நாங்கள் அசாயிப் பனங்கொட்டையைப் பீப்பாயில் மூடிச் சுட்டு எடுக்கும் புதுக் கரியும் அதே வேலையைச் செய்யுமா என்பதுதான் கேள்வி. ஒப்பிட, கலப்பையும் கோழியும் படாத பழைய மண் வேண்டும். அப்பா காலத்திலிருந்தே யாரும் தொடாதது அந்த மூலை ஒன்றுதான்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்கு, வழக்கம்போல மெழுகுவர்த்தி அனுப்புகிறேன். குழந்தையின் சிலுவைக்கு இந்த வருஷம் வெள்ளையடி. என் பிள்ளையின் முகத்தை நான் பார்த்ததில்லை. அந்தச் சிலுவையைத்தான் பார்த்திருக்கிறேன். என் மரில்சாவும் கண்ணை மூடிய பிறகு இதைப் பற்றிப் பேச உன்னைத் தவிர எனக்கு ஆளில்லை.

உன் தம்பி,
எவிலாசியோ


பர்ரெய்ரா, 9 ஜூலை 1997
(அனுப்பப்படவில்லை. மாவு டின்னுக்கு அடியில் விரிக்கப்பட்டது.)

தம்பி,

ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். அந்தச் சிலுவைக்குக் கீழே யாரும் இல்லை.

எழுபத்தாறு வெள்ளத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு மேலேயே படகு விட்டார்கள். நீ கொட்டை பொறுக்கக் காட்டுக்குப் போயிருந்தாய். மரில்சாவுக்கு ஏழாம் மாதமே வலி கண்டது. ஜுரத்தில் அவளுக்கு நினைவே இல்லை. உன் மகள் விடியும்போது பிறந்தாள். அடுப்பில் வைத்த காப்பி ஆறுவதற்குள் போய்விட்டாள். காய்ந்த நிலம் என்று இருந்தது இந்த மேடு மட்டும்தான். ஒசேயாஸ் ஆடுமாடுகளைப் படகில் ஏற்றப் போயிருந்தார். நானே குப்புவாசு மரத்துக்குப் பின்னால் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் அந்தப் பழைய மக்களின் தாழி ஒன்று தட்டுப்பட்டது. தாழி தெரிந்தால் மூடிவிட்டுத் தள்ளிப்போக வேண்டும் என்பது நமக்குப் பால் குடிக்கும்போதே தெரியும். எனக்குத் தள்ளிப்போகத் தெம்பில்லை. அதன் பக்கத்திலேயே வைத்தேன். கண்ணேறு படாமலிருக்க நீ தூகுமாப் பனங்கொட்டையில் செதுக்கிவிட்டுப் போன, விரல் மடக்கிய கைமுட்டித் தாயத்தை அவள் மணிக்கட்டில் கட்டினேன். கை என்று நீதான் சொன்னாய். பார்த்தவர்கள் பல்லி என்றார்கள்.

மூன்று மாதம் கழித்து மலேரியாவோடு வந்து இறங்கினாய். படகிலிருந்து காலை எடுத்து வைப்பதற்குள், "கல்லறைத் தோட்டத்துலதானே வச்சீங்க, அக்கா?" என்றாய். நான் ஆமாம் என்றேன். அந்த ஒரு ஆமாமுக்கு ஒரு சிலுவை செய்யவேண்டி வந்தது. சிலுவைக்கு வெள்ளையடிக்கவேண்டி வந்தது. இருபது வருஷமாக உன் மெழுகுவர்த்திகளை வெறும் மண்ணுக்குக் கொளுத்திக்கொண்டிருக்கிறேன்.

இதை எப்படி


பர்ரெய்ரா, 10 ஜூலை 1997

அன்புள்ள தம்பிக்கு,

நலம்; நலத்தைக் கேட்டேன் என்று உன் முட்டைகளுக்கும் சொல். பொத்தானை அனுப்பாதே. ஒசேயாசுக்கு வயிறு வளர்ந்ததில் அந்தச் சட்டை மூடுவதில்லை.

உன் கரி விஷயத்தை நானும் சோதித்தேன். வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் போட்டிருக்கும் பழைய ஓடத்தில் அடுப்புக்கரியை இடித்துப் பாதி மண்ணோடு கலந்தேன். பத்தே நாளில் கரி போட்ட பக்கம் முழுக்க மஞ்சள். போடாத பக்கம் பச்சை. "தம்பி படிச்ச படிப்பு ஓடம் வரைக்கும் வந்துருச்சு போல" என்கிறாள் ஜெசுவினா. தினமும் இரண்டு வேளை வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். சாவு வீட்டுக்குக்கூட ஒரு வேளைதான் வருவாள்.

அந்த மூலை மண் இப்போதைக்கு முடியாது. குளவி போய்விட்டது, ஒசேயாசுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எனக்கும் குனிய முடியவில்லை. வேறு யாரிடமாவது கேட்டுப் பாரேன். ஆற்றங்கரை முழுக்கக் கறுப்பு மேடுகள்தானே.

உன் அக்கா,
தோர்வலினா


மனாவுஸ், 4 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே வெயில் பயங்கரம். இந்த வருஷம் ஆறு சீக்கிரமே வற்றும் என்கிறார்கள். உன் பல் எப்படி இருக்கிறது?

உன் ஓடத்தைப் பற்றித் தலைவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, எங்கள் தொட்டிகளிலும் அதேதான் என்றார். புதுக் கரிக்குப் பசி அதிகம். மண்ணிலிருக்கும் தழைச்சத்தை முதலில் தானே இழுத்து வைத்துக்கொள்ளும், செடிக்கு விடாது. அதன் பொந்துகளில் உயிர்கள் குடியேறி, அதன் மேற்பரப்பே மாறிய பிறகுதான் கொடுக்கத் தொடங்கும். கரியை மண்ணில் போடுவதற்கு முன்னால் மீன் குடலோடும் சாம்பலோடும் குப்பையோடும் ஊறவை. நீ தினமும் முற்றம் பெருக்கிக் குவித்து, மூடிப் புகையவிட்டு, மரத்தடியில் கொட்டுகிறாயே, அதுதான் வழி. எங்களுக்கு இது தெரிய ஒன்பது மாதம் ஆனது.

பழைய கரி மட்டும் எதையும் விடுவதில்லை, அக்கா. வாங்கியதையெல்லாம் வைத்துக்கொண்டிருக்கிறது.

ஏழாவது பைக்காகத்தான் எல்லாம் நிற்கிறது. அத்தானுக்கும் தனியாக ஒரு வரி எழுதி, கேப்டனிடம் கொடுத்திருக்கிறேன்.

உன் தம்பி,
எவிலாசியோ


பர்ரெய்ரா, 28 ஆகஸ்ட் 1997

தம்பிக்கு,

பல் பிடுங்கிக்கொள்ள நான்கு நாள் சாந்தரேம் போயிருந்தேன். இரண்டு பிடுங்கப் போய் மூன்று பிடுங்கிவிட்டார்கள். இப்போது மேலே ஒன்றுதான் காவல் நிற்கிறது. வீட்டுக்கு வந்தால் ஒசேயாஸ் வாசலில் மாப்பிள்ளை போல நிற்கிறார். "உன் தம்பி கேட்ட மண்ணை அனுப்பிட்டேன். அந்த மூலையில தாத்து வளை தோண்டி வச்சிருந்துச்சு, மண்ணு பொலபொலன்னு இருந்துச்சு. குனியக்கூட இல்ல" என்றார். முப்பது வருஷத்தில் நான் சொல்லாமல் செய்த ஒரே வேலை. அந்த ஓட்டுடம்புப் பிராணிக்குத் தோண்ட வேறு இடமா கிடைக்கவில்லை?

தம்பி, அந்தப் பையைத் திருப்பி அனுப்பு. அது சரியான மண் இல்லை. அங்கே பழைய மக்களின் தாழி இருக்கிறது. அப்பா அங்கே எதுவும் நடவிட்டதில்லை, ஞாபகமிருக்கும். ஊரில் எல்லாரும் ஏதோ சொல்கிறார்கள். எனக்கு ஆவி, பிசாசு என்றெல்லாம் பயம் இல்லை. ஆவிக்குத்தான் என்னைப் பார்த்தால் பயம். ஆனாலும் உச்சி வெயிலில் அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வருகிறது. உள்ளங்கையால் மண்ணைத் தட்டுவது போல, மெதுவாக, விட்டு விட்டு.

ஒசேயாஸ் தோண்டிய குழியை மூடப் போனேன். குழி இல்லை. மண் அதற்குள் நிரம்பியிருந்தது. கறுப்பு மண் எடுக்க எடுக்க வளரும் என்பார்களே, அது நான்கே நாளிலா?

திருப்பி அனுப்பு.

தோர்வலினா


மனாவுஸ், 21 செப்டம்பர் 1997

அக்கா,

நலம்.

உன் கடிதம் வருவதற்குள் ஏழாவது பையைச் சலித்துவிட்டேன். நாங்கள் எந்த மண்ணையும் முதலில் சல்லடையில்தான் போடுவோம். மண் கீழே போய்விடும். ஓடு, கல், மற்றவை மேலே தங்கும்.

மண்ணைத் திருப்பி அனுப்ப முடியாது. ஒரு பக்கம் கண்ணாடி வைத்த தொட்டியில் நிரப்பிச் சோளம் விதைத்திருக்கிறேன். முளைத்துவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். எழுபத்தாறு வெள்ளம் கல்லறைத் தோட்டம் வரை வந்ததா? நான் அப்போது ஊரில் இல்லை. நீ இருந்தாய்.

நவம்பர் 14ஆம் தேதி சோதனை முடிகிறது. அன்று செடிகளை அறுத்து, வேரைக் கழுவி, மண்ணை உலர்த்தி அரைப்போம். கரி எவ்வளவு என்று கணக்கிட ஐந்நூறு டிகிரி உலையில் வைப்போம். அதற்குப் பிறகு எதுவும் மிஞ்சாது. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எவிலாசியோ


பர்ரெய்ரா, 14 அக்டோபர் 1997

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதத்தான் ஆசை. மூச்சு விட்டால் புகை. காடு எங்கேயோ எரிகிறது. பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் பப்பாளிப் பழம் மாதிரி தொங்குகிறது. ஆறு வற்றி, படகு அரை நாள் நடை தூரத்தில் நின்றுவிடுகிறது. இந்தக் கடிதத்தை ஒசேயாஸ்தான் மணலில் நடந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு அவர் இப்போதே முனகுவது இங்கிருந்து மனாவுசுக்குக் கேட்டிருக்கும்.

வெள்ளம் பற்றிக் கேட்டிருந்தாய். கல்லறைத் தோட்டத்துப் படி வரைக்கும் வந்தது என்று ஞாபகம். உள்ளே வரவில்லை. இருபது வருஷத்துக்கு முந்தியது. எனக்கு நேற்று என்ன தின்றேன் என்பதே நினைவில்லை.

ஓடத்தில் நீ சொன்னபடி கரியை மீன் குடலில் ஊறவைத்துப் போட்டேன். கொத்தமல்லி இப்போது குதிரை வால் மாதிரி நிற்கிறது. நாற்றத்தில் ஜெசுவினா வருவதில்லை, இரட்டை லாபம்.

உன் மெழுகுவர்த்தி இன்னும் வரவில்லை. இருபது வருஷத்தில் அக்டோபர் பத்தைத் தாண்டியதே இல்லை. படகு தாமதமா? நீ அனுப்பினாயா?

உன் அக்கா,
தோர்வலினா


பர்ரெய்ரா, 29 அக்டோபர் 1997

தம்பி,

நேற்று எர்க்குலானோவின் ஆள் வந்தான். எல்லாருக்கும் தபால் வந்திருக்கிறது. மெழுகுவர்த்திப் பொட்டலம் மட்டும் இல்லை. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நான்தான் சொல்ல வேண்டும். போன கடிதத்திலும் பொய் சொன்னேன். படி வரைக்கும் இல்லை, சிலுவைகளே மூழ்கின.

இதோடு ஒரு பழைய தாளையும் வைத்திருக்கிறேன். ஜூலையில் எழுதி மாவு டின்னுக்கு அடியில் போட்டது. ஓரத்தில் எறும்பு தின்றிருக்கிறது, முக்கியமானதைத் தின்னவில்லை. முதலில் அதைப் படி.

படித்துவிட்டாயா? அதில் இல்லாததையும் சொல்கிறேன். நீ ஒவ்வொரு தடவை ஊருக்கு வந்து அந்தச் சிலுவைக்கு முன்னால் முழங்காலிட்டபோதும் நான் உனக்குப் பின்னால் நின்றேன். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒருத்தி குத்தினாள். நீ எழுந்து திரும்புவாய். உன் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். அதைக் கெடுக்க எனக்குக் கை வராது. அப்புறம் மீன் பொரிக்கிறேன் என்று வீட்டுக்கு வந்து ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். என்னை வேடிக்கைக்காரி என்கிறார்கள். வேடிக்கை எதை மூடிக்கொண்டிருந்தது என்று யாரும் தோண்டிப் பார்த்ததில்லை, ஒரு தாத்துவைத் தவிர.

என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு. ஏழாவது தொட்டியை மட்டும் உலையில் வைக்காதே. உன் மகளோடு இருந்த மண் அது. மரில்சா போய்விட்டாள், அவளிடமிருந்து உனக்கு மிஞ்சியது அதுதான். ஒசேயாசிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு, கடிதத்தை வாங்கிக்கொண்டு நடக்க, முனகாமல் வாசலில் நிற்கிறார்.

பதினான்குக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று புனிதர் பெனெதீத்துவை வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவருக்கும் இந்தத் தண்ணீரில் படகு ஓடாது.

தோர்வலினா


மனாவுஸ், 3 டிசம்பர் 1997

அக்கா,

உன் கடிதம் நவம்பர் 27ஆம் தேதிதான் வந்தது. பதின்மூன்று நாள் தாமதம்.

பயப்படாதே. பதினான்காம் தேதி ஆறு தொட்டிகளைத்தான் உலைக்குக் கொடுத்தேன். ஏழாவது கெட்டுவிட்டது, பூஞ்சை பிடித்துவிட்டது என்று பதிவேட்டில் எழுதினேன். பதினெட்டு வருஷ வேலையில் நான் எழுதிய முதல் பொய். நம் குடும்பத்துக்கு இது சுலபமாகத்தான் வருகிறது.

செப்டம்பர் ஐந்தாம் தேதி அந்தப் பையைச் சலித்தேன். சல்லடையில் இரண்டு ஓடுகளும் ஒரு கரித்துண்டும் தங்கின. கரி உருண்டையாக இருந்தது. கழுவினேன். கட்டைவிரல் அளவுக்கு மீறி நீளமான ஒரு கைமுட்டி. தூகுமாக் கொட்டையில் அவ்வளவு மோசமாகச் செதுக்க உலகத்தில் ஒருவனால்தான் முடியும். அதை என் பிள்ளையோடு புதைத்ததாக மரில்சா சொல்லியிருந்தாள். அவளுக்கு நீ சொன்னது அவ்வளவுதான் போல. அன்று மாலை வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

உடனே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீயாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். கோபம் இருந்தது. உலையைப் பற்றி எழுதியது உன்னை மிரட்டத்தான். மெழுகுவர்த்தியை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு அனுப்பாமல் இருந்ததும் அதற்குத்தான். நல்ல காரியமில்லை. மன்னித்துக்கொள்.

விதைக்கும்போது தாயத்தை அந்தத் தொட்டியிலேயே, கண்ணாடியை ஒட்டி, ஒரு சாண் ஆழத்தில் வைத்தேன். வேறெங்கே வைப்பதென்று தெரியவில்லை. மற்றத் தொட்டிகளில் வேர்கள் நேரே இறங்கின. கரி கண்ட இடத்தில் கிளைத்து, அதன் பொந்துக்குள் மயிரிழைகளை விட்டன. இதில் ஒரு வெள்ளை வேர் பாதி வழியில் திரும்பிப் பக்கவாட்டில் போனது. தினமும் பென்சிலால் கண்ணாடியில் கோடு போட்டேன். பத்தொன்பதாம் நாள் கொட்டையைத் தொட்டது. இப்போது மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறது. மணிக்கட்டில் கட்டியது போல. கரியைத் தேடும் வேர் அந்தக் கொட்டையை ஏன் தேடியது என்று தலைவரிடம் கேட்கவும் முடியாது.

தொட்டி இப்போது என் சமையலறை ஜன்னலில். சோளம் என் தோளுக்கு வந்துவிட்டது. ஆறு ஏறியதும் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன்.

ஒன்று மட்டும் சொல். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை ஏழு வருஷம் அழும் என்பார்கள். மண்ணைத் தட்டும் சத்தம் என்று எழுதியிருந்தாய். அவளுக்கு யாராவது தண்ணீர் ஊற்றினார்களா? பெயர் என்று ஏதாவது உண்டா?

உன் தம்பி,
எவிலாசியோ


பர்ரெய்ரா, 21 டிசம்பர் 1997

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம், இருபது வருஷத்தில் முதல் தடவையாக இந்த வார்த்தையை யோசித்து எழுதுகிறேன்.

மழை வந்துவிட்டது. புகை போய்விட்டது. ஆறு நேற்று இரண்டு படி ஏறியது. ஜனவரிக்குள் படகு நம் கரைக்கே வரும் என்கிறார் எர்க்குலானோ. "தொட்டியோட வந்தா செடிக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்று சொல்லச் சொன்னார். விஷயம் தெரியாமல் சொன்னது. பிறகு ஒசேயாஸ் அவரைத் தனியே அழைத்துப் போய் ஏதோ பேசினார். மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கல்லறைத் தோட்டத்துச் சிலுவையைப் பிடுங்கி வந்து வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். ஜெசுவினா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேள்வியே கேட்காமல் வீட்டுக்குப் போய் ஒரு தட்டு மரவள்ளிப் பணியாரத்தோடு திரும்பி வந்தாள். உலகம் முடியப்போகிறது, தம்பி. சிலுவையை மேட்டில் நட நீ வா. மெழுகுவர்த்தியைக் கேப்டனிடம் கொடுத்தனுப்பாதே. உன் கையிலேயே கொண்டு வா. தீப்பெட்டி இங்கே இருக்கிறது.

மண்ணைத் தட்டும் சத்தம் நேற்று வரை நிற்கவில்லை. நேற்று உச்சி வெயிலில் நானும் அங்கே போய் உட்கார்ந்து பதிலுக்குத் தட்டினேன். கொஞ்சம் கழித்து நான் தட்டுவதுதான் கேட்டது.

தண்ணீர் ஊற்றியது நான்தான். சாவு வாசலில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று பாதிரியார் சொல்லியிருந்தார். வாசல் வரை வந்திருந்த ஆற்றுத் தண்ணீரையே சுரைக் குடுக்கையில் மொண்டேன். பெயர் சொல்ல வேண்டும். நீ என்ன பெயர் யோசித்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது, மரில்சாவுக்குப் பேச்சில்லை. அன்று எந்தப் புனிதருடைய நாள் என்று பார்க்கக் காலண்டரும் நனைந்து போயிருந்தது. அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். நேரமில்லை, தம்பி. நாக்கில் இருந்த ஒரே பெயரைச் சொல்லிவிட்டேன்.

பத்திரமாக வா. தொட்டியைச் சாய்க்காதே.

உன் அக்கா,
பெரிய தோர்வலினா